ஆயுத பூஜைக்கு அணைக்காத கம்ப்யூட்டர்

போன மாதம் பிரபு போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்பெனியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். ரிடையரான ஆளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ஏதோ பாஸ்வேர்டு வேண்டும். இல்லை, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இது இரண்டிலும் சேரவில்லை.

"ணா, திரும்பவும் சிப்ப மாத்திட்டானுங்கணா. புது மெஷினு வந்து எறங்கிக் கீது. டிசைன்ல ஒருத்தரு பழசக் குடுக்கவே மாட்டேன்றாரு. கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்துகினு கீறாரு. நீ அந்த ஸ்டெல்லாக்கா மேட்டர எப்டிணா முடிச்ச?"

"நான் எங்கடா முடிச்சேன். அவதான் என்ன முடிச்சா."

சிரித்தான். விவரம் கேட்டான். அவனுக்கு ஆபீஸ் பஸ் வரும் நேரத்தில் போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் படிப்பே அதிகம் இல்லை. எலக்ட்ரீஷியனாக உள்ளே போனேன். ஒரு நாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் புகை விட்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், நான் மட்டும் உள்ளே ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து நான் கம்ப்யூட்டர் ஆள். மீதியெல்லாம் பழைய மெஷின்களைத் திறந்து, மூடி, மிஞ்சின ஸ்க்ரூவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கற்றது.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு நடுவே எங்களுடையது ஸ்டிக்கர் அடிக்கிற கம்பெனி. டயருக்கு எவ்வளவு காற்று என்று கதவு ஓரம் ஒட்டியிருக்குமே, ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே என்று பானெட்டுக்குள் கெஞ்சுமே, யாரும் படிக்காத அந்த இலக்கியமெல்லாம் எங்கள் வெளியீடு. அதை வரைகிற இடம் ஆர்ட்வொர்க் செக்‌ஷன். அங்கே நெற்றியில் பழப் படம் போட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைப் பிளான்டில் எல்லோரும் 'பழம்' என்றுதான் சொல்வோம். பழத்துக்கு முன்னால் உட்காருகிறவள் ஸ்டெல்லா.

சிப் மாறினால் என்ன ஆகும் என்பது பல பேருக்கு இன்னும் பிடிபடவில்லை. கேன்டீன் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு சமையல்காரர் இருக்கிறார், அவர்தான் சிப். சாப்ட்வேர் என்பது அவருக்குத் தெரிந்த பாஷையில் எழுதிய சமையல் குறிப்பு. பழக் கம்பெனி ஒரு நாள் பழைய சமையல்காரரை அனுப்பிவிட்டு வேறு பாஷைக்காரரைக் கொண்டுவந்தது. வந்தவர் கெட்டிக்காரர், வேகக்காரர். ஆனால் பழைய குறிப்பில் ஒரு வரி படிக்கத் தெரியாது. சில வருஷம் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தார்கள். பிறகு அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஸ்டிக்கர் சாப்ட்வேர் அந்த மொழிபெயர்ப்பாளருக்கே புரியாத அளவுக்குப் பழசு. எழுதினவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆக, கம்பெனி வைத்திருந்த ஸ்டிக்கர் ஃபைல் அத்தனையும் ஒழுங்காகத் திறப்பது அந்த ஒரு பழத்தில் மட்டும்தான். புது மெஷினில் திறந்தால் தமிழும் இந்தியும் கட்டம் கட்டமாக வரும், இங்கிலீஷ் வரி கீழே நழுவும். கார் கம்பெனிக்காரர்கள் ஒரு எழுத்து நகர்ந்தாலும் முதலிலிருந்து அப்ரூவல் என்பார்கள். முன்பு எங்களிடம் பழம் மூன்று இருந்தது. மற்ற இரண்டும் உடல் தானம் செய்து இதை வாழ வைத்தன. "மனுஷனுக்கு வயசானா பென்ஷன், மெஷினுக்கு வயசானா ஸ்பேர் பார்ட்ஸ்" என்பார் எங்கள் கேன்டீன் மாஸ்டர், சாம்பார் ஊற்றிக்கொண்டே.

பழத்துக்கு ஒரு வியாதி. அதன் பவர் சப்ளை சூடாக இருக்கும் வரை ஓடும், ஆறிவிட்டால் எழுந்திருக்காது. அதனால் அதை அணைப்பதே இல்லை; நிற்காமல் ஓடி வெந்துபோகக்கூடாதே என்று ஏசிக் காற்றை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். மாற்று பவர் சப்ளைக்கு ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை முழுக்க அலைந்தேன். ஒரு கடைக்காரர் மாடல் பெயரைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எனக்கு டீ சொன்னார், துக்கம் விசாரிக்கிற மாதிரி.

ஸ்டெல்லா காண்ட்ராக்ட் ஆள். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம், கழுத்தில் தொங்கும் கயிறு சொல்லிவிடும். பெர்மனென்ட் என்றால் நீலம், காண்ட்ராக்ட் என்றால் மஞ்சள். பஸ்ஸில் முன் சீட்டு யாருக்கு, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எந்த சைஸ் என்பதெல்லாம் கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டி இடுப்பு போய் வீட்டில் இருந்தார். பையன் பாலிடெக்னிக். பழம் ஸ்கிராப்புக்குப் போன அன்றே ஆர்ட்வொர்க் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஹெச்.ஆரில் பேச்சு அடிபட்டது. அதாவது பழத்தோடு ஸ்டெல்லாவும் கேட்டைத் தாண்டுவாள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அந்த மெஷினைத் துடைப்பதையும், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதையும் பார்த்து, இது வயிற்றுப்பாட்டுக்கும் மேலே, உள்ளபடியே பாசம் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் புது பிளான்ட் ஹெட் வந்தார். சௌந்தரராஜன் சார், சேலத்துக்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். குரல் உயராது. முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. எதற்கும் ஒரே பதில், "பாத்துக்கலாம்." ஆனால் அதில் ரகங்கள் உண்டு. முதல் எழுத்தை இழுத்தால் நடக்காது. வெடுக்கென்று சொன்னால் முதலில் நீ இடத்தைக் காலி பண்ணு. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னால் நிஜமாகவே பார்ப்பார். லீவு கேட்கப் போனவன் வெளியே வந்தால் கிடைத்ததா என்று நாங்கள் கேட்பதில்லை. "எந்தப் பாத்துக்கலாம்?" என்றுதான் கேட்போம்.

அவருக்கு மேஜை சுத்தமாக இருக்க வேண்டும். தேவையில்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் சிவப்பு டேக் கட்டுவார். டேக் கட்டினது குறிப்பிட்ட நாளுக்குள் ஸ்கிராப் யார்டுக்குப் போக வேண்டும். வந்த வாரமே பழத்தின் கழுத்தில் ஒன்று தொங்கியது.

மறுநாள் காலை அதே டேக் சார் அறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் செடியில் தொங்கியது. திரும்பக் கொண்டுவந்து பழத்தில் கட்டினார்கள். அடுத்த நாள் கை வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷினில் தொங்கியது. அப்புறம் ஹெச்.ஆர். ஆபீசர் நாற்காலியின் முதுகில், அவர் உட்கார்ந்திருக்கும்போதே.

"யம்மா ஸ்டெல்லா, போதும்மா. மாட்டிக்குவ" என்றேன்.

"நான் இன்னாணா பண்ணேன். தேவ இல்லாததுலதான கட்டச் சொன்னாரு சாரு."

சார் ஒரு நாள் நேராகவே வந்து நின்றார். "ஏம்மா, இந்த மெஷின் மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?"

"பழகிட்ச்சு சார்."

"பழகினதுக்காக எல்லாத்தையும் வச்சுக்க முடியுமா?"

"அதான் சார் நானும் பயப்பட்றேன்" என்றாள். சார் அவளையும் மஞ்சள் கயிற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்று இழுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பிளான்டில் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கழுவித் துடைப்போம். மெயினை அணைப்போம். ஃபோர்க்லிஃப்ட் முதல் பஞ்சிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கற்பூரம் காட்டின பிறகு யாரும் எதையும் தொடக்கூடாது. விடுமுறை முடிந்து கதவைத் திறக்கிற காலையில்தான் தொட வேண்டும். கருவிகளுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா.

பழத்துக்கு மட்டும் ஓய்வு கிடையாது. ஓய்ந்தால் அது கடைசி ஓய்வு. அதனால் ஒவ்வொரு வருஷமும் நானும் ஸ்டெல்லாவும் ஒரு நாடகம் போடுவோம். மெயின் போனாலும் செக்யூரிட்டி கேமரா லைன் போகாது. அதிலிருந்து ஒரு வயரை ஸீலிங்குக்கு மேலே இழுத்துப் பழத்துக்குக் கொடுத்துவிடுவேன். மானிட்டரை அணைத்துவிடுவோம். முன்னால் எரிகிற சின்ன லைட்டை மறைக்க ஸ்டெல்லா சாமந்தி மாலையைக் கனமாகப் போடுவாள். ஃபேன் சத்தத்துக்கு மணி இருக்கிறது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் எங்கள் செக்‌ஷன் பூஜைக்கு அவள்தான் இன்சார்ஜ். பொரி பாக்கெட் போடுவதிலிருந்து பூசணிக்காயில் சில்லறை வைப்பது வரை.

"உனக்கு இதுல பாவம் ஒண்ணும் வராதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஃபாதர் கிட்ட கேட்டேன்ணா. வேல போற அளவுக்குப் பாவம் எதுவும் இல்லன்னாரு." ஃபாதர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பழைய பிளான்ட் ஹெட்டுகள் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சௌந்தரராஜன் சாருக்குப் பக்தி அதிகம். ஒவ்வொரு மெஷினாக வந்து தன் கையாலேயே பொட்டு வைத்தார். பழத்திடமும் வந்தார். குனிந்தார். சந்தனம் வைக்க இடம் தேடி மாலையை ஒதுக்கினார். உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது.

"அடடா, இதை அணைக்க மறந்துட்டீங்க போலிருக்கே" என்றார், குழந்தையிடம் சொல்வது போல. பட்டனை ஆள்காட்டி விரலால் அழுத்தினார். அழுத்தினதோடு விடவில்லை, லைட் போகும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதே விரலால் குங்குமம் வைத்துவிட்டு, கற்பூரத் தட்டைச் சுற்றினார்.

ஃபேன் நின்றது. அந்த அமைதியை நான் அந்த அறையில் கேட்டதே இல்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கற்பூரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள், சார் நெற்றியில் விபூதி. அந்த இடத்தில் யார் வாயைத் திறப்பது? உடனே போட்டால் எழுந்திருக்கும், இன்னும் சூடு இருக்கிறது. ஆனால் கற்பூரம் காட்டியாகிவிட்டது, தொடக்கூடாது. சார் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் பொரி கொடுத்து வெளியே அனுப்பினார். சாவி செக்யூரிட்டிக்குப் போனது. விடுமுறை முழுக்கப் பழம் பூட்டிய அறையில் ஆறிக் கிடந்தது.

திறந்த காலையில் நாங்கள் உள்ளே வருவதற்கு முன்பே கார் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. ஒரு மாடலுக்குப் பின் டயர் காற்றளவு மாறிவிட்டது. ஸ்டிக்கரில் ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். அந்த ஸ்டிக்கர் ஒட்டாமல் வண்டி யார்டை விட்டு வெளியே போகாது, சாயங்காலத்துக்குள் வேண்டும். எண் மட்டும் மாறினால் மெயிலிலேயே ஓகே. வேறு எது நகர்ந்தாலும் புது அப்ரூவல், அதற்குள் அவர்கள் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் பழத்தின் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது, அவ்வளவுதான்.

சார் வந்தார். "என்னங்க சேகர், என்ன பிரச்சினை?"

"எழுந்திருக்கல சார்."

"பூஜைக்கு முன்னாடி ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டுதான் சார் இருந்தது. இது அணைஞ்சா திரும்ப வராது, அதனால அணைக்கிறதே இல்ல."

"அப்புறம் யார் அணைச்சாங்க?"

நான் காய்ந்த மாலையைச் சரி பண்ணினேன்.

"பூஜ பண்ணவங்க சார்" என்றாள் ஸ்டெல்லா.

சார் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆறின பவர் சப்ளையை எழுப்பக் கடைசியாக ஒரு வழி உண்டு, பலிக்கும் என்று நிச்சயம் இல்லை. வெளியிலிருந்து சூடு காட்ட வேண்டும். பேக்கிங்கில் பிளாஸ்டிக் சுருக்குகிற ஹீட் கன் இருக்கிறது, ஆனால் அது மெஷினையே அல்வா ஆக்கிவிடும். தலை உலர்த்துகிற டிரையர்தான் சரி. பிளான்டுக்குப் பின்னால் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல். பேக்கிங் லைனில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் மாரியிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். எடுத்து வந்தாள். கொடுக்கத்தான் மனமில்லை.

"மிசினுக்கு என்ன அண்ணாச்சி, சடை பின்னப் போறியளா?"

"உயிர் போற நேரம்மா, குடு."

"கருக்கிப்புடாதிய. எங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்குனது."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளையைத் திறக்கக்கூடாது, திறந்தால் அது உங்களைத் திறந்துவிடும். பின்பக்கத்துச் சல்லடை ஓட்டை வழியாக, ஒரு சாண் தள்ளி, டிரையரை வட்டமாக ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் வயர் உறை இளகும். சல்லடையில் கை வைத்தால் சூடான டீ டம்ளர் மாதிரி இருக்க வேண்டும், பிடிக்க முடிய வேண்டும், ஆனால் வைத்துக்கொண்டிருக்கத் தோன்றக்கூடாது. அப்போது பட்டன். ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிட்டது. மறுபடி சூடு, மறுபடி பட்டன், மறுபடி துடிப்பு.

"குடுங்க சேகர். நான் காட்டறேன்" என்றார் சார். வாங்கிக்கொண்டார். பிளான்ட் ஹெட் தரையில் மண்டி போட்டு, ரோஸ் கலர் ஹேர் டிரையரால் கம்ப்யூட்டரின் முதுகுக்குச் சூடு காட்டுகிற காட்சியைப் பார்க்கக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாதி ஷிப்ட் கூடிவிட்டது. அவர் ஆட்டின விதம், அவர் கற்பூரத் தட்டைச் சுற்றின விதமேதான்.

கடைசியில் ஃபேன் பிடித்துக்கொண்டது. பழம் எழும்போது ஒரு சத்தம் போடும், பெரிய ஆர்மோனியத்தில் யாரோ தவறி உட்கார்ந்தது மாதிரி. அது வந்தது. கதவுக்கு வெளியே கை தட்டினார்கள். சார் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, "சீக்கிரம்மா, அந்த நம்பரை மாத்துங்க" என்றார்.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். ஃபைலைத் திறந்தாள். எண்ணை மாற்றினாள். பழைய சாம்பிள் ஸ்டிக்கரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வரி வரியாக ஒப்பிட்டாள். அச்சு பிளேட் போட அனுப்பினாள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் நாற்காலியைத் திருப்பினாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேரம் பேசவில்லை.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"இது நாளைக்கி எழுந்திருக்குமான்னு சேகர் அண்ணனுக்கே தெரியாது. எல்லா ஸ்டிக்கரையும் புதுசுல வரஞ்சி, ஒண்ணொண்ணா அப்ரூவல் வாங்கிடணும். நான் வரஞ்சித் தரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாருக்கும்தான். "நீங்கதானே இதை விட மாட்டேன்னு டேக்கை எல்லாம் ஊர் சுத்த விட்டீங்க."

"இத வுட்டா என்ன வுட்டுடுவீங்க சார். அதான் வுடல. ஏஜென்சிக்குக் குடுத்தாலும் வரஞ்சித் தருவாங்க. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா இம்மா வருஷம் இங்கயே உக்காந்து பண்ணது நான். இதயும் நானே பண்றேன். எனக்கு நீலக் கயிறு குடுங்க. குடுத்தா, இதுங்கிட்டேர்ந்து நானே உங்களுக்கு விடுதல வாங்கித் தரேன்."

சார் கைகளைப் பின்னால் கட்டப் போனார். ஒரு கையில் டிரையர் இருந்ததால் சரியாக வரவில்லை. "பாத்துக்கலாம்" என்றார்.

ஸ்டெல்லா நகரவில்லை. "சார், இது எந்தப் பாத்துக்கலாம்?"

கதவுக்கு வெளியே இருந்த கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது. இத்தனை நாள் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நடத்தின ஆராய்ச்சி இப்படி அம்பலத்துக்கு வரும் என்று யார் கண்டது. சார் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"செய்யற பாத்துக்கலாம்" என்றார்.

செய்தார். ஹெட் ஆபீஸோடு என்ன பேசினார், யார் காலைப் பிடித்தார் என்று தெரியாது. தீபாவளிக்கு முன்னால் நீலக் கயிறு வந்துவிட்டது. ஏஜென்சிப் பேச்சு நின்றது. ஸ்டெல்லா ஒவ்வொரு ஸ்டிக்கராகப் புது மெஷினில் வரைந்தாள். அந்த வேலை முடியும் வரை பழம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பார், அதை வரை என்று. நான் தினமும் வந்து அதன் சல்லடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவேன். கேன்டீனில் என்னைப் பழத்தின் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பொங்கல் கழிந்து கடைசி அப்ரூவல் வந்தது. ஸ்டெல்லா எனக்குப் போன் செய்து, "ணா, வந்து எட்த்துக்கினு போ" என்றாள். ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷம். மேலே போர்த்த ஒரு நல்ல துணி கூடக் கொண்டுபோயிருந்தேன்.

"ஒரு நிமிஷம் இரும்மா. கடைசியா ஒரு பேக்கப் எடுத்துக்கிறேன்."

"எத்தினி வாட்டிணா எட்ப்ப? நேத்து ஒண்ணு, முந்தா நேத்து ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். முறைப்படி அணைக்கக்கூட இல்லை. "அப்பா, இப்பதான் காதே கேக்குது. இதும் ஃபேன் சத்தத்துல சாயந்திரம் ஆனா தலவலி. மாத்திர போட்டுக்கினுதான் பஸ் ஏறுவேன்."

"அப்போ இத்தன நாளு இதக் காப்பாத்தினது?"

"நான் எங்கணா காப்பாத்தனேன். அதுதான என்னக் காப்பாத்திச்சு. நீதான் அத்தக் காப்பாத்தன." சொல்லிவிட்டு மேஜையில் இருந்த குங்குமக் கறையை ஈரத்துணியால் தேய்த்தாள். புது மெஷினை நடுவுக்கு இழுத்தாள்.

நான் பழத்தைத் தூக்கிக்கொண்டேன். நல்ல கனம். அடிப்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. கதவுக்குப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவளே வருத்தப்பட்டு ஏதோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன்.

"ணா, அந்த ஏசி காத்து மெஷினு பக்கமே திருப்பி வெச்சிருக்க. போற வழிதான, கொஞ்சம் என் பக்கம் திருப்பி வுட்டுட்டுப் போயேன்."

இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைத்தேன். திருப்பிவிட்டேன்.